ஷாத்தோ கயார் கோட்டை கழிவறை வழியாகத்தான் விழுந்ததா?

கேள்வி இது: நார்மண்டியில் உள்ள ஷாத்தோ கயார் மலைக்கோட்டையை யாராலும் பிடிக்க முடியாது என்று சொல்லிக் கட்டினார்களாம். கட்டி முடித்த ஆறாம் ஆண்டே பிரெஞ்சுப் படை கழிவறைக் குழி வழியாக ஏறிப் பிடித்துவிட்டதாமே, உண்மையா? அவ்வளவு பணம் கொட்டியவர்கள் இந்த ஓட்டையைக் கவனிக்கவில்லையா?

ஓட்டை வழியாக ஓர் ஆள் ஏறி உள்ளே போனது உண்மை. அது கழிவறையா என்பது சந்தேகம். ஆனால் கோட்டை விழுந்த காரணம் அது இல்லை. அந்த ஆள் ஏறிய நாளில் முற்றுகை தொடங்கி ஆறு மாதம் ஓடியிருந்தது. சேன் நதி எதிரி வசமாகியிருந்தது, நதி நடுவே இருந்த தீவு அரண் எரிந்திருந்தது, அடிவார ஊர் எதிரி கையில் இருந்தது, வெளிச்சுற்றுக் கோபுரம் சரிந்திருந்தது. மீட்க வரவேண்டிய, கோட்டைக்குச் சொந்தக்காரரான அரசர் ஜான் கடல் தாண்டி இங்கிலாந்து போய்ச் சேர்ந்திருந்தார். கதவை உடைத்து, சுவரைப் பெயர்த்து, வீட்டுக்குள் பாதி தூரம் வந்துவிட்ட திருடன் ஒரு சன்னலையும் பயன்படுத்திக்கொண்டான், அவ்வளவுதான். சன்னல் கதை சுவையாக இருப்பதால் அது மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

முதலில் இந்தக் கோட்டை ஏன் அந்த இடத்தில் எழுந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பாரிஸும் ருவானும் ஒரே நதியின் கரையில் உள்ளவை. மேலே பாரிஸ், பிரெஞ்சு அரசரின் தலைநகர். கீழே ருவான், நார்மண்டியின் தலைநகர். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மேட்டுநிலம் வெக்ஸான். 911ஆம் ஆண்டு உடன்பாட்டில் எப்ட் என்ற சிற்றாறு எல்லையாகி, வெக்ஸான் இரண்டு துண்டானது: ஒரு பாதி நார்மன், ஒரு பாதி பிரெஞ்சு. இந்த எப்ட் பெரிய தடையே இல்லை, எத்தனையோ இடங்களில் இறங்கிக் கடக்கலாம். அதனால் இருபுறமும் கோட்டை மேல் கோட்டையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். அவற்றில் முதன்மையானது ஜிசோர். அது யார் கையில் இருக்கிறதோ அவர்களே வெக்ஸானில் நிம்மதியாகத் தூங்கலாம்.

நார்மண்டியும் இங்கிலாந்தும் அப்போது ஒரே அரசர் கையில். சிங்க நெஞ்சன் எனப்பட்ட முதலாம் ரிச்சர்ட் சிலுவைப்போரிலிருந்து திரும்பும் வழியில், 1192 டிசம்பரில் வியன்னா அருகே பிடிபட்டுச் சிறையில் கிடந்தார். பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் அந்தச் சமயம் பார்த்து 1193இல் ஜிசோரை எடுத்துக்கொண்டார். 1194இல் ரிச்சர்ட் பெரும் மீட்புத்தொகை கட்டி வெளியே வந்து போரிட்டார், ஆனால் ஜிசோர் திரும்பவில்லை. 1196 ஜனவரி உடன்படிக்கையில் நார்மன் வெக்ஸானைப் பிலிப்புக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டியதாயிற்று. ருவானுக்குப் போகும் நதிப்பாதை வாசற்கதவு இல்லாத வீடானது. இழந்த கதவுக்குப் பதில் வேறு கதவு வேண்டும். அதற்கு ரிச்சர்ட் தேர்ந்த இடம் ஆந்தெலி. ருவானிலிருந்து சுமார் 40 கி.மீ., பாரிஸிலிருந்து 95 கி.மீ. தொலைவு. சேன் நதி அங்கே பெரிய வளைவாகத் திரும்புகிறது. வளைவின் மேல் 90 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அதே உடன்படிக்கையில், ஆந்தெலியில் இரு தரப்பும் அரண் கட்டக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. போதாததற்கு ஆந்தெலி ருவான் பேராயருக்குச் சொந்தமான நிலம், அவருக்கு நல்ல வருமானம் தந்த இடம். பேராயர் வால்டர் வேறு யாரும் அல்ல, ரிச்சர்டின் நெடுநாள் ஊழியர், அவருக்கான மீட்புத்தொகைக்குப் பிணையாகப் போய் நின்றவர். ரிச்சர்ட் அவரிடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை, எடுத்துக்கொண்டு கட்டத் தொடங்கிவிட்டார். பேராயர் நார்மண்டி முழுவதற்கும் திருச்சபைத் தடை விதித்தார். பூசை இல்லை, அடக்கச் சடங்கு இல்லை. ஊர்த் தெருக்களில் பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன என்று அக்கால ஆங்கில வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வழக்கு ரோமில் போப் மூன்றாம் செலஸ்டினிடம் போனது. 1197 அக்டோபரில் பேரம் படிந்தது: ஆந்தெலிக்கு ஈடாக ருவான் ஆலைகள், தியெப் துறைமுகம், லூவியே ஊர், அலியர்மோன் காடு ஆகியவை பேராயருக்குப் போயின. பேராயருக்கு நட்டமே இல்லை. ஒரு துறைமுகத்தையே விலையாகக் கொடுக்கும் அளவுக்கு அந்தப் பாறை ரிச்சர்டுக்குத் தேவைப்பட்டது.

கட்டுமான வேகம் அக்காலத்துக்கு நம்பமுடியாதது. பெரிய கற்கோட்டை ஒன்று எழப் பத்து ஆண்டு சாதாரணமாக ஆகும். இது 1196இல் தொடங்கி 1198இல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. செலவு ஏறக்குறைய 12,000 ஸ்டெர்லிங் பவுண்டு. ரிச்சர்ட் தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கிலாந்தின் எல்லாக் கோட்டைகளுக்கும் சேர்த்துச் செலவிட்டது சுமார் 7,000 பவுண்டுதான். எஞ்சியிருக்கும் நார்மண்டிக் கணக்குச் சுருளில் கல் வெட்டுவோர், கல் செதுக்குவோர், கொத்தனார், பாறையில் அகழி குடைவோர், தச்சர், கொல்லர், வண்டிக்காரர், தண்ணீர் சுமப்போர், காவலர் என்று வரிசையாகக் கூலி எழுதியிருக்கிறது. தலைமைக் கொத்தனார் என்று ஒருவர் பெயரும் இல்லை. ரிச்சர்டே கூட இருந்து கட்டளை கொடுத்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். 1198 மே மாதம் வேலை நடக்கும்போது இரத்தமழை பெய்ததாகவும், அரசர் அசையவில்லை, வேலையை நிறுத்தவில்லை என்றும் ஒரு குறிப்பு உண்டு. சகாராவின் செம்புழுதி கலந்த மழை ஐரோப்பாவில் இன்றும் அவ்வப்போது பெய்வதுதான்.

கோட்டைக்கு ரிச்சர்ட் வைத்த பெயர் ‘பாறைமேல் அழகுக்கோட்டை’ என்ற பொருள் கொண்டது. பின்னர் நிலைத்த பெயரான ‘ஷாத்தோ கயார்’ என்பதில் ‘ஷாத்தோ’ என்றால் கோட்டை, ‘கயார்’ என்றால் துணிச்சலான, கொஞ்சம் திமிரான என்று பொருள். ‘சுவர் இரும்பாக இருந்தாலும் பிடிப்பேன்’ என்றாராம் பிலிப். ‘சுவர் வெண்ணெயாக இருந்தாலும் காப்பேன்’ என்றாராம் ரிச்சர்ட். அக்காலத்திலேயே எழுதிவைக்கப்பட்ட ஊர்ப்பேச்சு இது. நடந்ததோ இல்லையோ, இருவரின் குணத்துக்கும் பொருந்துகிறது.

இப்போது எல்லோரும் தவறவிடும் இடத்துக்கு வருவோம். ஷாத்தோ கயார் என்றால் மலைமேல் நிற்கும் சிதைவு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். ரிச்சர்ட் கட்டியது ஒரு தொகுதி. மலையடியில் மதில் சூழ்ந்த புதிய ஊர், அதாவது சின்ன ஆந்தெலி. ஊருக்கு எதிரே நதித்தீவில் ஓர் அரண். தீவையும் கரைகளையும் இணைக்கும் பாலங்கள். நதிக்குக் குறுக்கே படகு போக முடியாதபடி அடித்து இறக்கிய மரக்கழி வரிசைகள். நதியில் சற்று மேலே இன்னொரு தீவில் பூத்தவான் என்ற காவல் அரண். மலைக்கோட்டை இவை அனைத்துக்கும் மேலே நின்று பார்க்கும் கண். நதியை அடைப்பது கீழே இருப்பவற்றின் வேலை, அவற்றை அம்பாலும் படையாலும் தாங்குவது மேலே இருப்பதன் வேலை. கீழே இருப்பவை போய்விட்டால் மேலே இருப்பது உயரத்தில் தனியாக நிற்கும் ஒரு சேமிப்புக் கிடங்கு.

மலைக்கோட்டையின் அமைப்பு மூன்று சுற்று. பாறை முனைக்கு வர ஒரே வழி தெற்குப் பக்கம். மற்ற பக்கங்களில் சரிவு காலை வைக்கவிடாது. அந்தத் தெற்கு வழியை மறித்து முக்கோண வடிவில் வெளிச்சுற்று. அது தனிக் கோட்டை மாதிரி. முனையில் ஒரு பெரிய வட்டக் கோபுரம், பின்னால் சிறியவை. அதற்கும் நடுச்சுற்றுக்கும் இடையே பாறையில் குடைந்த ஆழமான உலர் அகழி, மேலே பாலம். நடுச்சுற்றில் கிணறு, வீடுகள், கொட்டகைகள். அதற்குள் உட்சுற்று, அதற்கும் தனி அகழி. உட்சுற்றின் நதிப்பக்க விளிம்பில் பெருங்கோபுரம். ஒன்று போனால் அடுத்ததற்குப் பின்வாங்கலாம் என்பது திட்டம்.

உட்சுற்று மதிலைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நேர்ச்சுவராக இல்லாமல், அரைவட்டத் தூண்களை அடுக்கி ஒட்டியதுபோல் அலை அலையாக வளைந்து போகிறது. இதில் இரண்டு ஆதாயம். கல்லெறி பொறியிலிருந்து வரும் கல் வளைந்த பரப்பில் நேராக மோதாமல் சறுக்கி விலகும். மதிலடியில் ஒளிந்துகொள்ள மூலை கிடைக்காது, மேலிருந்து எல்லா இடமும் தெரியும். பெருங்கோபுரத்தின் உள்புறம் வட்டம், சுமார் 8 மீட்டர் குறுக்களவு. வெளியே எதிரி வரும் பக்கம் மட்டும் கப்பல் முனைபோல் கூராக நீட்டியிருக்கிறார்கள். அடிச்சுவர் வெளியே சாய்ந்து சரிகிறது. மேலிருந்து போடும் கல் அந்தச் சாய்வில் பட்டுத் தெறித்து எதிரிமேல் பாயும். சுரங்கம் தோண்டுகிறவனுக்கும் சாய்வு அளவுக்குக் கூடுதல் கல் குறுக்கே நிற்கும். மேலே போகப்போக அகலும் முட்டுச்சுவர்கள் தாங்கிய மேடையில் துளைகள், அவற்றின் வழியே நேர்கீழே கல் போடலாம். மேற்கு ஐரோப்பாவில் இந்த உத்தி கல்லில் கட்டப்பட்ட முதல் சில இடங்களில் இது ஒன்று.

இத்தனை இருந்தும் மூன்று குறைகள் தங்கிவிட்டன. தெற்கே உள்ள மேடு கோட்டையை விட உயரம். அங்கே நிற்பவனுக்கு வெளிச்சுற்றின் உள்ளே நடப்பது தெரியும். அதற்காகத்தான் வெளிச்சுற்றே கட்டப்பட்டது. ஆனால் அது விழுந்தால் எதிரிக்கு நடுச்சுற்றின் எதிரே மதில் சூழ்ந்த மேடை இலவசமாகக் கிடைக்கும். அடுத்த குறை, உட்சுற்று வாயிலுக்குப் போகும் பாலம். மற்ற இடத்தில் மரப்பாலம். இங்கே மட்டும் அகழி குடையும்போது பாறையைப் பாலமாகவே விட்டுவிட்டார்கள். மரப்பாலத்தை எரிக்கலாம், தூக்கலாம், வெட்டி வீழ்த்தலாம். பாறையை என்ன செய்வது? அதன் விளைவு முற்றுகையின் கடைசி நாளில் தெரியும். மூன்றாவது குறை ரிச்சர்ட் வைத்ததே அல்ல, பின்னால் வந்தவர் சேர்த்தது. சன்னல் அங்கேதான் வருகிறது.

1199 ஏப்ரலில் ஷாலூஸ் என்ற சிறு கோட்டையின் முற்றுகையில் குறுக்குவில் அம்பு பட்டு ரிச்சர்ட் இறந்தார். தம்பி ஜான் அரசரானார். 1202இல் போர் மூண்டது. பூத்தவான் அந்த ஆண்டே போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜான் தம் அண்ணன் மகன் ஆர்தரைச் சிறைபிடித்தார். 1203இல் ஆர்தர் காணாமல் போனான், ஜான்தான் கொன்றார் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆர்தரின் நாடான பிரிட்டனியும் நார்மன் பிரபுக்களில் பலரும் கழன்றுகொண்டார்கள். 1203இல் வோத்ரோய் கோட்டை ஓர் அம்புகூட எய்யாமல் திறந்துவிடப்பட்டது. இந்தச் சூழலில்தான் ஷாத்தோ கயாரின் பொறுப்பு ரோஜர் டி லேசி கையில் இருந்தது. இவர் ஆங்கிலப் பிரபு. நார்மன் பிரபுக்களைப்போல் பிலிப் பக்கம் சாய்ந்து லாபம் பார்க்க இவருக்கு அதிகம் இல்லை.

1203 ஆகஸ்டில் பிலிப் வந்து, நதி வளைவுக்குள் உள்ள இடதுகரைத் தீபகற்பத்தில் பாசறை போட்டார். அவர் மலையைத் தொடவில்லை, நதியிலிருந்து ஆரம்பித்தார். நீச்சல் தெரிந்தவர்கள் கோடரியோடு இறங்கி, மேலிருந்து அம்பும் கல்லும் பொழிய, மரக்கழி வரிசையை வெட்டி வழி திறந்தார்கள். அகலமான படகுகளைக் கொண்டுவந்து பக்கம் பக்கமாகக் கட்டி மிதவைப் பாலம் அமைத்தார்கள். இப்போது இரு கரையிலும் பிரெஞ்சுப் படை.

ஜான் தரப்பின் ஒரே பெரிய மீட்பு முயற்சி இங்கேதான் நடந்தது. திட்டம் நன்றாகவே இருந்தது. வில்லியம் மார்ஷல் தலைமையில் தரைப்படை இரவில் இடதுகரைப் பாசறையைத் தாக்க வேண்டும். அதே வேளை ருவானிலிருந்து எழுபது படகுகள் உணவோடு வந்து மிதவைப் பாலத்தை உடைக்க வேண்டும். பாலம் உடைந்தால் பாசறை துண்டாகிச் சிக்கிக்கொள்ளும். தரைப்படை சரியான நேரத்துக்கு வந்து பாசறையைச் சிதறடித்தது. ஓடியவர்களின் பாரம் தாங்காமல் பாலமே ஒரு பக்கம் முறிந்தது. ஆனால் படகுகள் வரவில்லை. நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போட எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு பிழைத்துவிட்டது. பிரெஞ்சுத் தளபதிகள் பந்தம் கொளுத்திப் படையைத் திரட்டி, பாலத்தைச் செப்பனிட்டு, எதிர்த்தாக்குதல் நடத்தி மார்ஷலை விரட்டினார்கள். விடியலில் படகுகள் தனியாக வந்து சேர்ந்தபோது இரு கரையும் பாலமும் அவர்களுக்காகக் காத்திருந்தன. இரண்டு தாக்குதலும் ஒரே மணியில் நடந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். என்னைக் கேட்டால் ஷாத்தோ கயார் தோற்றது இந்த இரவில்தான். பின்னால் நடந்த எல்லாமே இதன் தவணை.

அதே குழப்பத்தில் கோபேர் என்ற நீச்சல்காரர், வாயடைத்த சட்டிகளில் தணல் வைத்து இழுத்துக்கொண்டு நீந்திப்போய்த் தீவு அரணின் மரவேலிக்குத் தீ வைத்தார். தீவு விழுந்தது. தீவு விழுந்தபின் சின்ன ஆந்தெலியைக் காக்க வழியில்லை. ஊர்மக்கள் குழந்தை குட்டியோடு மலைக்கோட்டைக்குள் ஓடினார்கள். அவர்கள் எத்தனை பேர் என்பதில் 1,400 முதல் 2,200 வரை கணக்குகள் வேறுபடுகின்றன.

ரோஜர் டி லேசியின் தலைவலியைக் கூட்டல் கழித்தலாகவே பார்க்கலாம். காவல்படை 200 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டுக்கு 73 டன் வேண்டும். அதே கிடங்கிலிருந்து கூடுதலாக 1,400 பேர் சாப்பிட்டால் நாளொன்றுக்கு 1.6 டன் போகும், ஆறரை வாரத்தில் தரை தெரியும். எண்கள் மாதிரிக்கு எடுத்தவை, ஆனால் விகிதம் இப்படித்தான் இருந்திருக்கும். நொச்சி சூடி மதில் காக்கிறவனுக்கு உழிஞை சூடி வந்தவனைவிட உள்ளே இருக்கும் வயிறுகளே பெரிய எதிரி.

முதலில் முதியவர், நோயாளி என்று 500 பேரை வெளியே அனுப்பினார். பிரெஞ்சு வீரர்கள் இரங்கி வழிவிட்டார்கள். இரண்டாவதாகவும் ஏறக்குறைய அத்தனை பேர் போனார்கள். செய்தி பிலிப்புக்குப் போனது. இனி ஒருவரும் வெளியே வரக்கூடாது, உள்ளேயே இருந்து தின்று தீர்க்கட்டும் என்று உத்தரவிட்டார். முற்றுகைக் கணக்குப்படி அது சரியான உத்தரவு, அவ்வளவு கொடூரமும்கூட. மூன்றாவது கூட்டம் கதவைத் தாண்டியபோது எதிரே அம்பு பறந்தது. திரும்பினால் கோட்டைக்கதவு அடைத்துவிட்டது. சில நூறு பேர், மதிலுக்கும் முற்றுகை அகழிக்கும் நடுவே சரிவில், குளிர்காலம் முழுவதும் சிக்கிக்கொண்டார்கள். புல், கோட்டையிலிருந்து துரத்திவிட்ட நாய்கள், கடைசியில் அதைவிட மோசமானவை என்று தின்றார்கள். பல வாரங்கள் கழித்து அந்த வழியே வந்த பிலிப் அவர்களின் கூக்குரல் கேட்டுச் சோறு போடச் சொன்னார். காய்ந்த வயிற்றில் திடீரென்று உணவு விழுந்ததும் பலர் அதிலேயே இறந்தார்கள். இவ்வளவையும் எழுதிவைத்தவர் பிலிப்பின் சொந்தப் பூசாரி பிரெட்டன் வில்லியம், நேரில் இருந்தவர். தம் அரசரைப் புகழவே எழுதியவர் இதை மறைக்கவில்லை.

பிலிப் இரட்டை அகழியும் மரக்கோபுரங்களும் கொண்டு மலையைச் சுற்றி வளைத்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் காத்திருந்தார். ஜான் 1203 டிசம்பரில் நார்மண்டியை விட்டுக் கப்பலேறினார். 1204 பிப்ரவரியில்தான் நேரடித் தாக்குதல். தெற்கு மேட்டில் பாதையைச் சமப்படுத்தி, கூரையிட்ட நடைவழிகள் அமைத்து, கல்லெறி பொறிகளையும் மதிலைவிட உயரமான மரக்கோபுரத்தையும் நிறுத்தினார்கள். மேலிருந்து குறுக்குவில் வீரர்கள் மதில்மேல் தலைகாட்டியவர்களை அடித்தார்கள். அகழியை மண்ணும் மரக்கிளையும் போட்டுத் தூர்க்கத் தொடங்கினார்கள், ஆனால் பொறுமை இல்லை. பாதி தூர்ந்த அகழியில் ஏணியை இறக்கி, மறுபக்கம் ஏணி எட்டாத இடத்தில் சுண்ணாம்புப் பாறையில் கத்தியால் படி குத்தி ஏறினார்கள். பெரிய வட்டக் கோபுரத்தின் அடியில் கேடயத்தை முதுகில் போட்டுக்கொண்டு குடைய ஆரம்பித்தார்கள்.

குடைவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அடித்தளக் கல்லைப் பெயர்த்துக் குகை போல உள்ளே போவார்கள். போகப்போக மேலே உள்ள சுவரை மரத்தூண்களால் தாங்குவார்கள். போதிய அகலம் வந்ததும் விறகு நிரப்பித் தீ வைத்துவிட்டு வெளியே ஓடிவிடுவார்கள். தூண் எரிந்ததும் தாங்க ஆளில்லாத சுவர் தன் எடையில் தானே இறங்கும். 1215இல் இதே ஜான் மன்னர் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையைக் குடைந்தபோது தீ மூட்ட 40 கொழுத்த பன்றிகளின் கொழுப்பைப் பயன்படுத்தினார். ஷாத்தோ கயாரின் பாறை மென்மையான சுண்ணாம்பு. மதில் எழுப்பவும் அகழி வெட்டவும் ரிச்சர்டுக்கு எளிதாக இருந்த அதே கல், குடைகிறவனுக்கும் எளிதாக இருந்தது. கோபுரத்தின் ஒரு பகுதி சரிந்தது. டி லேசி வெளிச்சுற்றில் எரியக்கூடியதை எரித்துவிட்டு நடுச்சுற்றுக்குப் பின்வாங்கினார்.

இனி கேள்வியில் உள்ள சன்னல். நடுச்சுற்றின் தெற்குப் பக்கம், மதிலோடு ஒட்டி முந்தைய ஆண்டுகளில் ஜான் ஒரு கட்டடம் எழுப்பியிருந்தார். மேல்தளம் தேவாலயம். கீழ்த்தளம் என்ன என்பதில்தான் குழப்பம். பிரெட்டன் வில்லியம் முற்றுகையை இருமுறை எழுதினார். உரைநடையில் எழுதியதில் கீழ்த்தளம் கழிவறை, தேவாலயத்துக்கு அடியில் அப்படி வைத்தது சமயத்துக்கு அடுக்காது என்று ஒரு குட்டும் வைக்கிறார். பின்னால் செய்யுளில் எழுதியபோது அதே கீழ்த்தளம் பண்டசாலை ஆகிவிடுகிறது. செய்யுளில், போஜிஸ் என்ற வீரர் நண்பனின் தோளில் ஏறி மதிலில் இருந்த சன்னலை எட்டிப் பிடித்து உள்ளே போய், கயிறு போட்டு மற்றவர்களைத் தூக்குகிறார். கழிவுக்குழி வழியாக ஊர்ந்து ஏறியதாகப் பிற்காலத்தில் சொல்லப்படுவது இந்த இரண்டையும் கலந்து பிசைந்தது. தொல்லியல் ஆய்வாளர்கள் பலரும் இன்று சன்னல் பக்கமே சாய்கிறார்கள்.

உள்ளே போனவர்கள் கதவை இடித்துப் பெரும் சத்தம் போட்டார்கள். பெரும்படை புகுந்துவிட்டது என்று பயந்த காவலர்கள் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். காற்று மாறித் தீ நடுச்சுற்றையே பிடித்துக்கொண்டது. வேறு வழியின்றி எல்லோரும் உட்சுற்றுக்குள் ஓடினார்கள். போஜிஸ் கூட்டம் புகையிலிருந்து தப்பி வந்து பாலத்தை இறக்கிவிட்டது. ஆக, நடுச்சுற்றைக் காலி செய்தது நாலைந்து ஊடுருவல்காரர்கள் அல்ல, காவலர்கள் தாங்களே வைத்த தீ.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. மதிலின் முகத்தில் எட்டும் உயரத்தில் சன்னல் வைப்பது ரிச்சர்டின் திட்டத்தில் இல்லை. அமைதிக்காலத்தில், வசதிக்காக, கோட்டை கட்டியவரின் தர்க்கம் தெரியாத ஒருவர் சேர்த்தது. பழைய அரண்களில் இது மறுபடி மறுபடி நடக்கும்.

உட்சுற்றுக்கு முன்னால் அந்தப் பாறைப்பாலம். ‘பூனை’ என்று பெயர் வைத்த, சக்கரம் பூட்டிய கூரைக்கூண்டைப் பிரெஞ்சுக்காரர்கள் பாலத்தின்மேல் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன் மறைவில் வாயில் அருகே குடைந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டி அவர்களை விரட்டினார்கள். ஆனால் ஒரே சுவருக்கு அடியில் இரு பக்கமும் தோண்டினால் சுவருக்கு என்ன மிஞ்சும்? பின்னாலிருந்து பெரிய பொறி ஒன்று கல்லை எறிந்ததும் அது பிளந்து விழுந்தது. பெருங்கோபுரத்துக்குள் போய்க் கதவடைத்து இன்னும் சில நாள் தாக்குப்பிடிக்க அவர்களுக்கு நேரமே கிடைக்கவில்லை. 12,000 பவுண்டுக் கோட்டையின் இதயமான அந்தக் கோபுரம் ஒரு கல்கூட எறியாமல் கைமாறியது. 1204 மார்ச் 6. பிடிபட்டவர்கள் சுமார் 150 பேர். ஜூன் 24இல் ருவான் சரணடைந்தது. ரோஜர் டி லேசி பின்னர் விடுதலையாகி, ஜானின் ஆட்சியில் யார்க்‌ஷயரின் ஷெரிஃபாக, அதாவது அந்த மாவட்டத்தில் அரசரின் அதிகாரியாக இருந்தார்.

இதன்பின் எல்லை நகர்ந்துவிட்டதால் கோட்டைக்குப் பெரிய வேலை இல்லை. 1314இல் கற்புக் குற்றம் சாட்டப்பட்ட அரச குடும்பத்து மருமகள்கள் மார்கரெட்டும் பிளான்ஷும் இங்கே அடைக்கப்பட்டனர். மார்கரெட் 1315இல் இங்கேயே இறந்தார். 1334 முதல் 1341 வரை ஸ்காட்லாந்தின் சிறுவயது அரசர் இரண்டாம் டேவிட் அடைக்கலம் இருந்தார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த நூறாண்டுப் போரில் எல்லை மறுபடி இங்கே வந்தபோது கோட்டைக்கும் உயிர் வந்தது. 1419இல் ஏறக்குறைய ஓராண்டு முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரிடம் விழுந்தது. அப்போது மதில் உடையவில்லை, உணவும் தீரவில்லை. ஆழ்கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கயிறுகள் ஒவ்வொன்றாக இற்றுப்போய்க் கடைசிக் கயிறும் அறுந்ததால் சரணடைந்தார்கள் என்கிறார்கள். 1430இல் பிரெஞ்சுத் தளபதி லா இர் பிடித்தார், ஒரு மாதத்தில் இழந்தார். 1449இல் நிரந்தரமாகப் பிரெஞ்சு வசம். 1573இல் ஆளில்லாத இடிபாடு. இருந்தாலும் ஆயுதக் கூட்டம் ஏதாவது புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற பயத்தில் நான்காம் ஹென்றி 1599இல் இடிக்க உத்தரவிட்டார். கப்பூச்சின் துறவிகள் தங்கள் மடங்களுக்கு இங்கிருந்து கல் எடுத்துப்போனார்கள். எனவே இன்று தெரியும் சிதைவில் பிலிப்பின் பங்கைவிட ஹென்றியின் பங்கும் துறவிகளின் பங்கும் அதிகம். 1862இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது.

நேரில் போனால் ஊரிலிருந்து ஏறும் பாதையைவிட, தெற்கு மேட்டிலிருந்து இறங்குவது நல்லது. பிலிப் வந்த வழி அது. மேட்டில் நின்றால் கோட்டை முழுவதும் காலுக்குக் கீழே தெரியும், முதல் குறை சொல்லாமலே புரியும். அடுத்து வெளிச்சுற்றுப் பெரிய கோபுரத்தின் மிச்சம். முகப்புக் கல் உரிந்து உள்ளே அடைத்த சிறுகல்லும் சுண்ணாம்புக் காரையும் வெளியே தெரியும். அகழியில் இறங்கி பாறைச் சுவரை நகத்தால் கீறிப் பாருங்கள், வெள்ளைப் பொடி உதிரும். உட்சுற்றின் அலைமதில் இன்னும் நல்ல உயரத்தில் நிற்கிறது. அதன் வாயிலுக்கு அந்தப் பாறைப்பாலத்தின் மேல்தான் இன்றும் நடந்து போகவேண்டும்.